தொண்டைக்குள் ஒரு கட்டைவிரல்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. ராய்ச்சூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

போன ஜூலை, ஒரு வியாழக்கிழமை. பகல் 2.10. சரணம்மா தன் இரண்டு வயது மகனை மடியில் வைத்தபடி என் அறையில் உட்கார்ந்தாள். பையன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் 'க்ர்ர்ர்...' என்று ஈரமாக ஒரு சத்தம். எச்சில் நூல் நூலாக வழிந்தது. அதில் புகையிலை நாற்றம்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. உள்நாக்கு விழுந்துருச்சுன்னு காலையில பக்கத்து ஊர் வைத்தியக்காரி மல்லவ்வாகிட்ட தூக்கிட்டுப் போனேன். சாம்பலைத் தொட்டு, புகையிலை கசக்குற கட்டைவிரலால அமுக்கி விட்டா."



படுக்க வைத்தால் மூச்சு அடைத்துவிடும். உட்கார்ந்தபடியே கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். 2.16.

மூச்சுக்குழாயின் மூடி வீங்கினால், படத்தில் கட்டைவிரல் நுனிபோலத் தெரியும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் வீக்கத்துக்குள் எலும்பு இருக்காது.

இதில் இருந்தது. இரண்டு எலும்பு. நடுவில் மூட்டு.

சீனியர் ஈரண்ணா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கழுத்தை எடுக்கச் சொன்னா அம்மா கையை எடுத்திருக்க. நல்லா படிச்ச போ, தாயி."

பையனைத் துணியால் அவள் நெஞ்சோடு கட்டினேன். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, மறுபடி படம் எடுத்தேன். 2.21.

விரல் இன்னும் கீழே இறங்கியிருந்தது... மடங்கியிருந்தது.

"டாக்டரைக் கூப்பிடு." ஈரண்ணா இப்போது சிரிக்கவில்லை.

சத்தம் நின்றது.

பையனின் உதடு நீலம்.

கட்டை அவிழ்த்து, அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. வெதுவெதுப்பாக. சாம்பல் குழைந்த சளி.

அதில் ஒரு நகம்.

பெரிய ஆளின் நகம். அடியில் சதை.

பையன் அழுதான். மூன்றாவது படத்தில் விரல் இல்லை; மூச்சுவழி சுத்தமாக இருந்தது. நான் ஆறு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நாற்றம் போகவில்லை.

டாக்டர் கோபத்தோடு மல்லவ்வாவின் ஊர் நர்ஸுக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மல்லவ்வாவைத் திங்கட்கிழமையே புதைச்சுட்டாங்களாம்."

சரணம்மா அவரையே பார்த்தாள்.

"காலையில பத்து மணிக்கு வாசல்ல உக்காந்திருந்தாளே, சார். எனக்குப் பின்னால இன்னும் நாலு பேர் புள்ளையோட நின்னாங்க."

மாலை 6.30-க்குள் அதே சத்தத்தோடு மூன்று குழந்தைகள் வந்தன.

நான்காவதை யாரும் கொண்டுவரவில்லை.