ஆடி மாதத்து நடுவர்

பஸ்ஸில் ஏறினால் பாஞ்சாலி கண்டக்டரின் முகத்தைப் பார்ப்பதில்லை; மணிக்கட்டைப் பார்க்கிறாள். காய்கறிக்காரி, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், கோயிலில் விபூதி கொடுக்கும் குருக்கள், எல்லாருமே அவளுக்கு முதலில் கைகள்தான். "மூஞ்சிய பாத்து இன்னா பண்றது?" என்பாள் கேட்டால். பேச்சு அதோடு முடிந்துவிடும். கேரம் நடுவர்கள் அதிகம் பேசமாட்டார்கள்.

கோட்டூர்புரம் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் குடித்தனம். கணவனுக்கு ஆட்டோ. அவளுக்கு மாம்பலத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அந்த வேலை வந்ததும் கேரத்தால்தான். மயிலாப்பூர் பத்ரிநாராயணன் என்ற வங்கி அதிகாரி ஆண்டுதோறும் மாநில அமெச்சூர் கேரம் போட்டி ஒன்றை நடத்திவந்தார். ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. லஸ் பக்கத்துக் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும். அதுதான் மைதானம். தூத்துக்குடி, ஈரோடு, நாகர்கோவிலிலிருந்தெல்லாம் பிள்ளைகள் ரயிலேறி வந்தார்கள். பவுடர் பறக்காமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, பலகைக்கு ஒரு பல்பைத் தொங்கவிட்டு, வியர்த்துக் கொட்ட ஆடினார்கள். முதல் வரிசையில் அலுவலகக் குழுக்களுக்கு ஆள் தேடும் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். கோப்பையை எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அப்படி எடுத்தவள் பாஞ்சாலி. வேலை கிடைத்ததும் ஆட்டத்தை விட்டு நடுவர் நாற்காலிக்கு வந்தாள்.

தொண்ணூற்று மூன்றில் கூட்டம் மண்டபத்தின் வாசற்படிவரை நின்றது. பெண்கள் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தவள் அன்புக்கரசி, பாஞ்சாலியின் எதிர்வீட்டு முனியம்மாளின் மகள். அந்த வருஷத்தோடு அவளுக்கு வேலைக்கான வயது வரம்பு முடிகிறது. எதிரே தூத்துக்குடிப் பெண் ஒருத்தி. வேறு நடுவரைப் போடுங்கள் என்று பாஞ்சாலி கேட்டுப் பார்த்தாள். வேறு ஆளில்லை.

புள்ளிகள் சமமாகவே வந்தன. கடைசி ஆட்டத்தில் அன்புக்கரசிக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி; எதிராளிக்கு இரண்டு கறுப்பு. வெள்ளை அவளுடைய இடது கைப்பக்க மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்புக்கரசி உடம்பை வளைத்து, மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். காய் குழியில் விழுந்தது. மண்டபம் எழுந்து கை தட்டியது. முனியம்மாள் ஓவென்று அழுதேவிட்டாள்.

"ஃபவுல்" என்றாள் பாஞ்சாலி.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். "கை அம்புக்கோட்ட தாண்டிச்சி." மூலைக் குழியை நோக்கிப் பலகையில் வரைந்திருக்கும் அந்தக் கோட்டை, சுண்டும்போது ஆடுகிறவளின் கை தாண்டக் கூடாது.

கைதட்டல் அறுந்தது. பத்ரிநாராயணன் ஓடிவந்து அவள் காதருகே குனிந்தார். "நன்னா யோசிச்சுச் சொல்லு. மேல பல்பு தொங்கறது. கையோட நிழல் தாண்டியிருக்கும், நீ கைன்னு நெனச்சுண்டிருப்பே. இப்ப மாத்திண்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டா."

தூத்துக்குடிப் பெண்ணும் பேசாமல்தான் இருந்தாள். அவள் எதையும் பார்த்திருக்கவில்லை. பார்த்தது ஒரே ஒருத்தி. நிழல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்புக்கரசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கைதான் சார்."

விழுந்த காய் வெளியே வந்தது. தண்டனையாக இன்னொரு காயும் வந்தது. தூத்துக்குடிப் பெண் இரண்டு கறுப்பையும் போட்டு முடித்தாள்.

மறுநாள் குழாயடியில் முனியம்மாள் குடத்தை நடுவில் வைத்து மறித்தாள். "ஒனக்கு மட்டும் கவருமெண்டு வேல. எம் பொண்ணுக்கு வாணாமா? ஒரு நிமிசம் கண்ண மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சி பூடுவ நீ?" பாஞ்சாலி தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். அந்த வாரம் இரண்டு முறை யாரோ அவள் வாசலில் கேரம் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பெருக்கித் தள்ளினாள். "வேற எடம் பாக்கலாம்மே" என்று கணவன் சொன்னான். "நான் இன்னா திருடுனனா?" என்றாள்.

அடுத்த ஆண்டிலிருந்து அதிகாரிகளின் வருகை குறைந்தது. அலுவலகங்களில் ஆள் எடுப்பதே நின்றுபோயிருந்தது. முதல் வரிசை காலியானதும் தூத்துக்குடி நின்றது, பிறகு ஈரோடு. வருகிற பிள்ளைகளும் மதியத்துக்குமேல் கேபிள் டிவியில் கிரிக்கெட் பார்க்க நழுவினார்கள். பலகைகள் பாதியாகி, அதிலும் பாதியாயின. தொண்ணூற்றெட்டில் பெண்கள் பிரிவுக்கு நான்கே பேர். ஆட்டம் முடிந்ததும் பத்ரிநாராயணன் தாமே பல்புகளைக் கழற்றினார். "இனிமே என்னால முடியாதும்மா" என்றார்.

அன்றைக்கு அவள் நிழல் என்று சொல்லியிருந்தால் அந்தக் கடைசி நல்ல வருஷத்தில் எதிர்வீட்டுக்கு ஒரு வேலை வந்திருக்கும். பாஞ்சாலிக்கு இது தெரியும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

இந்த ஆடியில் போட்டி இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை கால்கள் அவளை லஸ்ஸுக்கே கொண்டுபோயின. மண்டப வாசலில் 'ஆடித் தள்ளுபடி' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்று மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. உள்ளே மேஜை மேஜையாகச் சேலைகள், முண்டியடிக்கும் பெண்கள். ஒரு மேஜைக்குப் பின்னால், கடைச் சீருடையில், அன்புக்கரசி.

ஆறு வருஷமாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் பேசாதவர்கள். திரும்பிவிடலாம் என்று பாஞ்சாலி நினைப்பதற்குள் அன்புக்கரசி பார்த்துவிட்டாள். ஒரு சேலையை மடித்தபடியே, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"கையா, நிழலாக்கா?"

கூட்டம் இடித்தது. பாஞ்சாலி இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தாள். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கைதான் அன்பு."

அன்புக்கரசி மடித்த சேலையை அடுக்கில் வைத்தாள். தாடை இறுகிற்று. "இந்த நீலத்தைப் பிரிச்சுக் காட்டும்மா, சேலையோட உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்று ஓர் அம்மாள் நடுவில் புகுந்து அதட்டினாள். அன்புக்கரசி நீலச் சேலையை உதறினாள். அவளோடு சேர்ந்து பிரிக்க மறுபக்கம் ஆளில்லை. முந்தானை சரிந்து தரையை நோக்கிப் போனது.

பாஞ்சாலி எட்டி அதைப் பிடித்தாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து, சேலை முழு நீளத்துக்கு விரியும்வரை போய், வெளிச்சம் படும்படி இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.