கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும்

மகளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போக, அங்கேயே இருபது வருடமாக இருக்கும் என் அண்ணை லண்டனுக்கு வந்திருந்தார். வந்த நாள் தொடக்கம் எங்கள் இல்ஃபோர்ட் பக்கத்துப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சுகம் விசாரித்தார். அதுகள் பயந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பின.

"அண்ணை, இஞ்சை அப்பிடிக் கதைக்கப்படாது. விசரெண்டு நினைப்பினம்" என்று பகிடி பண்ணினேன்.

எனக்கு அந்தளவு வித்தியாசம்தான் தெரியும். இரண்டு நாட்டிலும் ஒரே ஆங்கிலம், ஒரே படம், ஒரே பாட்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போய்விட்டு என் காரில் திரும்பினோம். செவன் கிங்ஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போது பின்னால் பொலிஸ் காரின் நீல லைட் சுழன்றது. நான் ஓரமாக நிறுத்திவிட்டு, வழக்கம்போல இறங்கக் கதவைத் திறந்தேன். இறங்கிச் சிரித்து, மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள்.

அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். காப்பு சதையில் அழுந்தியது.

"இறங்காதை. கையை ஸ்டியரிங்கிலை வை. பிள்ளை, நீயும் கையைத் தெரியிற மாதிரி வை."

அவருடைய இரண்டு கைகளும் டாஷ்போர்டின் மேல் விரிந்து கிடந்தன. வேர்வை கண்ணுக்குள் வழிந்தும் துடைக்கவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்துத் திரும்பிய நான், அவர் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டேன்.

வந்தது ஒரு இளம் பொலிஸ்காரி. இடுப்பில் துவக்குக்கூட இல்லை. பின் லைட் ஒன்று எரியவில்லை, மாற்றுங்கள் என்றாள். பிறகு அண்ணையைப் பார்த்து, உங்களுக்குச் சுகமில்லையா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் அசையவில்லை.

அவள் போனதும் மகள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன பேய்க்கூத்து அண்ணை இது? மானம் போச்சு."

அவர் மெதுவாகக் கைகளை எடுத்து மடியில் வைத்தார்.

"என்ரை பொடியனை அங்கை இப்பிடித்தான் மறிச்சவங்கள். கையை ஸ்டியரிங்கிலைதான் வைச்சிருந்தவன். நேரமாச்செண்டு தாய் அவனுக்குப் போன் எடுத்தாள். பழக்கத்திலை பொக்கற்றுக்குள்ளை கை போயிட்டுது. பொலிஸ்காரன் சுடுறதுக்குத் துவக்கை நீட்டிட்டான்."

"பிறகு?"

"ஒண்டும் நடக்கேல்லை. அவன் இப்ப கார் ஓடுறேல்லை."

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக ஏலாது என்று அண்ணைதான் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் அவரை மறித்தேன்.

"போகவேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"கேக்கமாட்டாள். பழக்கிவிடுவம்."

அன்று பின்னேரமே வீட்டு வாசலில் நின்ற காரில் மகளை ஏற்றினோம். அண்ணைதான் பொலிஸ். நான் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போனோடு நின்றேன். தான் கை காட்டினால் அவளுக்குப் போன் எடுக்கவேண்டும் என்று அண்ணை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

முதல் தரம் அவர் பின்னாலிருந்து நடந்து வந்ததும், மகள் கதவைத் திறந்து சிரித்தபடி இறங்கினாள். என்னைப் போலவே.

"திரும்ப ஏறு, பிள்ளை."

இரண்டாம் தரம் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் அசையாமல் பதில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணை கை காட்டினார். நான் போன் எடுத்தேன்.

வேலையில், மீட்டிங்கில், எங்கே இருந்தாலும் என் போனை முதல் மணியிலேயே எடுக்கிற பிள்ளை. இதைச் சொந்தக்காரரிடமெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவளுடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டு ஜாக்கெட்டுக்குள் போனது.

அண்ணை கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் தெருவைக் கடந்து ஓடினேன். கதவைத் திறந்து அவளுடைய கைகள் இரண்டையும் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்தேன்.

"அம்மா, நீங்கள் எண்டுதான்..." என்றாள்.

"நான் எண்டாலும் எடுக்காதை" என்றேன்.