என் நாயில் தெள்ளு இல்லை

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒரு நாயையும் வளர்த்தேன், அதோடு ஏழு. நாயைச் சேர்க்கக் கூடாது என்பவர்கள் சேர்க்காமல் விடட்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருடம் அது என்னிடம் வந்தது. நான் ஓர் அதிகாரியின் வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்தேன். கப்பல் ஏறுகிற அன்று அந்த வீட்டு அம்மா கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்தாள். எனக்கு நாயின் கயிற்றைக் கையில் தந்தாள். காது தொங்குகிற, நீண்ட மயிர் உள்ள நாய். குளிர் நாட்டுக்கென்று செய்த உடம்பு. அவர்கள் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "டோய்" என்றால் வரும். அது போதுமாக இருந்தது.

அப்போது துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வளவில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கம் வீட்டுக்கார அக்கா, பின்பக்கம் இரண்டு அறையில் நாங்கள், நடுவில் கிணறு. ஒரு மாதத்துக்குள் மயிர் எங்கும் பறந்தது. சோற்றில் கிடந்தது, பிள்ளைகளின் சட்டையில் ஒட்டியது. அதோடு தெள்ளும் வந்தது, மயிருக்குள் பாய்ந்து திரிந்து இரத்தம் குடிக்கிற பூச்சி.

முதலில் நான் ஒரு பிழை செய்தேன். அதை மறைக்க மாட்டேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எல்லா வருத்தத்துக்கும் எண்ணெய்தான் மருந்து. எஞ்சினில் இருந்து வடித்த கழிவு எண்ணெயை என் கணவர் ஒரு தகரத்தில் கொண்டு வந்தார். பூசினேன். தெள்ளு சாகவில்லை. நாயின் தோல்தான் வெந்து, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் கொட்டியது.

அதை வீட்டுக்கார அக்கா கண்டுவிட்டாள்.

"இஞ்சேர் பிள்ளை, இது சொறி நாய். என்ர மகள் மூதூரிலயிருந்து கைக்குழந்தையோட வந்து நிக்கிறாள். குழந்தையின்ர காலைப் பார், முழுக்கத் தெள்ளுக்கடி. மூண்டு கிழமை தாறன். நாய் போகவேணும். இல்லாட்டி நீங்கள் போங்கோ."

என் கணவர் அன்றைக்கே பயந்துவிட்டார். "மூதூர் வள்ளத்தில ஏத்திவிடுவம். அங்க வயல்பக்கம் ஆரும் வளப்பினம்" என்றார்.

"அப்ப என்னையும் ஏத்திவிடுங்கோ" என்றேன்.

மறுநாள் காலையில் நாயைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கழுத்தளவு தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தேன். தெள்ளெல்லாம் முதுகை விட்டுத் தலைக்கு ஓடின. காதுக்குள்ளும் கண் ஓரத்திலும் கறுப்பாக மொய்த்தன. கரைக்கு வந்ததும் திரும்ப முதுகுக்கு இறங்கின. அவை ஓடுகிற வழி எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது போதும்.

அடுத்த நாள் கிணற்றடியில் முதலில் கழுத்தைச் சுற்றிச் சவுக்கார நுரையைத் தடிப்பாகப் பூசினேன், பட்டி கட்டினது போல. அதற்குப் பிறகுதான் வேப்பிலை அவித்து ஆறிய தண்ணீரை வாலில் இருந்து வார்த்தேன். மேலே ஓடி வந்தவை நுரையில் மாட்டின. பிறகு பேன்சீப்பால் இழுத்தேன். இழுத்ததைச் சிரட்டையில் வைத்த சவுக்காரத் தண்ணீரில் தோய்த்தேன். வெறும் தண்ணீர் என்றால் தெள்ளு பாய்ந்து போய்விடும். வெந்த இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். அது படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் விரித்தேன். நாயை மட்டும் கழுவிச் சாக்கை விட்டால் செய்த வேலை வீண்.

தினமும் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் கிணற்றடியில் குந்திக்கொண்டு சீப்பால் இழுப்பேன். உதிரப்போகிற மயிர் சீப்போடு வந்துவிடும். வீட்டுக்குள் பறக்க ஒன்றும் மிஞ்சாது. திரண்ட மயிரைக் காகங்கள் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

"அம்மா, எங்கட தலையை ஒரு நாளும் இப்பிடி இழுத்ததில்லை" என்றாள் என் இரண்டாவது மகள்.

"நீயும் அதைப்போல அசையாமல் இரு, இழுக்கிறன்."

மூன்று கிழமை முடிந்த இருபத்தோராம் நாள் வீட்டுக்கார அக்கா வாசலில் வந்து நின்றாள். "கடி நிக்கேல்ல. எங்க நாய்?"

கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து நடுவால் கிழித்தேன்.

"இஞ்சேர், அது என்ர கோயில் வேட்டி!" என்று கணவர் கத்தினார்.

"கோயில் ஓடாது" என்றேன்.

இரண்டு துண்டையும் முழங்கால்வரை காலில் சுற்றினேன். அக்கா பார்க்க எங்கள் இரண்டு அறையிலும் மெதுவாக நடந்தேன். நாயின் சாக்கிலேயே குந்தி, நாயை மடியில் ஏற்றித் தேய்த்தேன். எழும்பிக் காலைக் காட்டினேன். ஒரு மயிர் ஒட்டியிருந்தது. தெள்ளு ஒன்றும் இல்லை.

"இப்ப உங்கட அறைக்குப் போவம், அக்கா."

அவள் மறித்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மகள்தான், "விடுங்கோ அம்மா, பாக்கட்டும்" என்றாள்.

அவர்களுடைய கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய தலையணையில் பூனை குட்டி போட்டிருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வெளிச்சத்துக்கு வந்தபோது வேட்டி எள் தூவினதுபோல இருந்தது. ஒன்று பாய்ந்து அக்காவின் சீலையில் ஏறியது.

"எண்ணுங்கோ, அக்கா."

அவள் எண்ணவில்லை. "பூனை உன்ர நாயிட்டயிருந்துதான் எடுத்திருக்கும்" என்றாள்.

"இருக்கும். நான் என்ர நாயை இழுத்துப்போட்டன். நீங்கள் உங்கட பூனையை இழுங்கோ. என்ர நாய் எங்கயும் போகாது. நாங்களும் போகமாட்டம்."

இரண்டு நாள் கழித்துப் பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். "ஒருக்காத் தேய்ச்சு விடு, பிள்ளை."

"தேய்க்க ஏலாது. காட்டித் தாறன், நீங்களே தேயுங்கோ" என்று சொல்லி, சாக்கின் வாயை மட்டும் பிடித்தேன். அவளுடைய இரண்டு கையிலும் கீறல். குழந்தையின் கால் அந்த மாதமே ஆறியது. நாய் அதே வளவில் இன்னும் எட்டு வருடம் இருந்து, கிழடாகித்தான் செத்தது.

பேத்தி, எழுதினது போதும். இனி முதலில் இருந்து வாசி, மெதுவாக. வீட்டுக்கார அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று நீயாகச் சேர்த்திருந்தால் அதை வெட்டிவிடு. அவள் கேட்கவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.