பனியில் தூற்றிய சாமை

கரியாலூர் கருப்பண்ணன் தென்துருவப் பக்கம் போய்வந்தவர் என்றால் ஊரில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். நம்புகிறவர்களோ, "அங்க போயி இன்னாத்த சம்பாரிச்ச?" என்பார்கள். போகட்டும். ராணுவத்தில் டீசல் மெக்கானிக்காக இருந்தவரை 1986 கடைசியில் நம் நாட்டு அண்டார்டிகா குழுவோடு கப்பலேற்றினார்கள். ஜெனரேட்டர் நின்றால் அத்தனை பேரும் விறைத்துப்போவார்கள். அதை ஓடவைப்பது அவர் வேலை.

அவர் கவலையெல்லாம் மனைவி பாவாயியைப் பற்றித்தான். புதுச் சாமையைப் புருஷன் ஒரு வாய் தின்னாமல் பெண்சாதி தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "நீ பாட்டுக்குத் துன்னுடி, நான் வர ஒன்னேகால் வருசம் ஆவும்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். "சும்மா இருங்க. சாமை உங்களத் தேடிக்கினு வரும்" என்றுவிட்டாள்.

அங்கே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குழுத்தலைவர் ராஜாங்கம் பழைய கதை சொன்னார். அந்தக் காலத்தில் துருவத்தைத் தொட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்கள், சாப்பாடு வைத்திருந்த இடத்துக்குப் பதினொரு மைல் இருக்கையில் கூடாரத்திலேயே செத்துப்போனார்களாம். கருப்பண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவுங்க பொண்டாட்டிங்களுக்கு யாரு சார் போயி சொன்னது?"

மறுவருஷக் கப்பலில் பாவாயி அனுப்பிய பை வந்தது. அவிழ்த்தால், குத்தாத சாமை! குத்தினால் வண்டு வைக்குமென்று உமியோடு கட்டியிருக்கிறாள் மகராசி. உரல் இல்லாத ஊரும் உண்டென்று அவளுக்கு யார் சொன்னது? கண்ணுக்கெட்டிய மட்டும் பனி, ஒரு கல் கிடையாது. குழாயை அறுத்து, அடியில் தகடு பற்றவைத்து உரலாக்கினார். கடப்பாரைதான் உலக்கை.

அதுவரை சரி. அப்புறம் தன் மலையூர்ப் பழக்கத்தில் தட்டோடு வெளியே போய்க் காற்றில் தூற்றினார் பாருங்கள்! கரியாலூர்க் காற்று மரியாதை தெரிந்தது, உமியை மட்டும் கொண்டுபோகும். அங்கத்திய காற்று உமி, சாமை, தட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

"ஐயோ பாவாயி!" என்று மண்டியிட்டார். கையுறையோடு சாமை பொறுக்க முடியுமா? கழற்றி எறிந்தார்.

"கருப்பண்ணா, கை போயிடும்!" என்று ராஜாங்கம் ஓடிவந்தார்.

"ஊட்ல ஒருத்தி எனக்காவ காத்துக்கினு கீறா சார்."

ஒரு பிடி தேறியது. பனியை உருக்கிப் பொங்கித் தின்றார். "சாமை தின்றேன், நீயும் தின்னு" என்று ரேடியோவில் சொல்லித் தந்தி அனுப்பவைத்தார். வலக்கை விரல் நுனிகளில் உணர்ச்சி போனது போனதுதான்.

மூன்று மாதம் கழித்து வீடு வந்தார். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மூலையில் புதுச் சாமை மூட்டை கட்டியது கட்டியபடி இருந்தது.

"தந்தி வரலியா?"

"வந்திச்சி. நான் துன்னணும்னு நீங்க பொய் சொல்லுவீங்க. உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன்."

கருப்பண்ணன் வாய்விட்டு அழுதுவிட்டார். பாவாயி கறுத்த விரல்களைப் பார்த்து, கதையைக் கேட்டு, "ஒரு புடி சாமைக்கா?" என்று திட்டித் தீர்த்தாள். பிறகு பொங்கினாள். முதல் கவளத்தை அவர் உருட்டி அவள் வாயில் வைத்தார். அவள் ஊதி ஊதித் தின்றபோதுதான் சோறு சுடுகிறதென்று அவருக்குத் தெரிந்தது.