துரைசாணியின் வாத்துக்குக் கால் பார்த்த கதை

தோட்டத்து டிஸ்பென்சருக்கு நோயாளியை நாக்கை நீட்டச் சொல்லத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து சேரும் என்று எனக்கு வேலை பழக்கியவர் சொன்னார். வந்து சேர்ந்ததில் ஒன்று, நான் சொல்வதற்கு முன்பே நாக்கை நீட்டிக்கொண்டு சீறியது.

தோட்டங்களில் மருந்து கலக்கி வயிறு வளர்த்த சகோதரர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். காய்ச்சல், பேதி, அட்டைக்கடி, பிரசவம் எல்லாம் நம் தலையில்தான். அது போதாதென்று பங்களாவிலிருந்து ஆள் வரும், நாய்க்கு உண்ணி, குதிரைக்கு இருமல் என்று. மாட்டு டாக்டர் நுவரெலியாவில் இருந்தார். நாம் பக்கத்தில் இருந்தோம். நாம் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கூடையில் வந்த நோயாளி

ஐம்பதுகளின் நடுவில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தேன். கார்த்திகை மாதத்து மழை. காலையில் மருந்துக்கு நிற்கும் வரிசை கம்பளியும் இருமலுமாக வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. பங்களா சமையல்காரர் அந்தோனி, முதுகில் கொழுந்துக் கூடை ஒன்றை மாட்டிக்கொண்டு, வரிசையைப் பார்க்காமலே நேரே உள்ளே வந்துவிட்டார். கூடையை இறக்கினார். உள்ளே இருந்து ஒரு வெள்ளைக் கழுத்து எழும்பி என் மூக்குக்கு நேரே நின்றது. தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, பிள்ளை மாதிரி வளர்க்கிற சீமை வாத்து, பெயர் ரோஸி. வலது காலை ஊன்ற மாட்டேன் என்கிறதாம்.

"அந்தோனி, இது மனுஷர் ஆஸ்பத்திரி" என்றேன். "துரைசாணிகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார் அவர். வரிசையில் முதலாவதாக நின்றவள் கொழுந்தெடுக்கிற செல்லம்மா. காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அதையே முதல்ல பாருங்கய்யா. நானாச்சும் நொண்டிக்கிட்டு வந்தேன், அதத் தூக்கிக்கிட்டுல்ல வந்திருக்காங்க!"

துரை கொடுத்த தவணை

ரோஸியின் உள்ளங்காலில் கட்டி. நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு, தொட்டால் சூடு. பறவை வைத்தியம் நான் படித்ததில்லை. ஆனால் சீழ் வைத்த கால் என்றால், அதைத்தானே தினமும் பார்க்கிறேன். சாயங்காலம் பங்களாவுக்குப் போய்ச் சொன்னேன். துரைசாணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். பெற்ற பிள்ளைகள் இரண்டும் சீமையில் படிக்கின்றன. பேச்சுத் துணைக்கு இங்கே இருப்பது ரோஸி மட்டும்தான்.

துரைக்கு அப்படி ஒன்றும் கண் கலங்கவில்லை. போன வருஷம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸ் விருந்துக்கு, மேசையில் வைக்கத்தான் அதை வாங்கி வந்தார். துரைசாணி பெயர் வைத்துவிட்டார், பெயர் வைத்ததை எப்படித் தின்பது? ஒரு வருஷமாக மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தவருக்கு இப்போது நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது. நொண்டிப் பிராணியைக் கஷ்டப்படுத்தி வைத்திருப்பது பாவமாம். எனக்குப் பகீரென்றது. வாத்துக்காக மட்டும் இல்லை, என் மானத்துக்காகவும்தான். டாக்டரய்யா கை வைத்தது அடுப்புக்குப் போனது என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பேச்சுக் கிளம்பினால், அப்புறம் என்னிடம் எவன் வந்து நாக்கை நீட்டுவான்? துரை சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் பொறுக்கிய தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "டிஸ்பென்சர், நத்தாருக்கு முந்தி வாத்து நடக்கும், புல்லில் நிக்கும். நடக்காது, தட்டில் படுக்கும்."

சத்தான ஆகாரம்

பேதி உப்புக் கரைத்த வெந்நீரில் காலை ஊற வைப்பது, டிங்க்சர் தடவுவது, துணி சுற்றுவது என்று தொடங்கினேன். போகிறபோது, வாய்ப் பழக்கத்தில், எல்லா நோயாளிக்கும் சொல்கிறதை இதற்கும் சொல்லிவிட்டேன்: "நல்ல சத்தான ஆகாரம் குடுங்க." லயத்தில் இதைச் சொன்னால் ஒரு சேதமும் வராது, ஏனென்றால் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. பங்களாவில் இருந்தது!

அடுத்த கிழமை பார்த்தால் ரோஸிக்குக் கழுத்தே காணோம். பாலில் ஊறிய பாண், அவித்த முட்டை, துரைசாணி தேத்தண்ணிக்குச் செய்கிற கேக். உடம்பு கனக்கக் கனக்க, பாரம் முழுவதும் கட்டியின் மேல் இறங்கி, நொண்டல் இரண்டு பங்காகிவிட்டது. "என்னய்யா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று அந்தோனி மேல் பாய்ந்தேன். அந்தோனி கரண்டியைத் துடைத்தபடி சொன்னார்: "நீங்க குணமாக்கினாலும் சரி, ஆக்காட்டியும் சரி, நான் ரெண்டுக்கும் தயார் பண்ணிக்கிட்டு இருக்கேங்க."

கல்லின் குணம்

கேக்கை நிறுத்தினேன். வெறும் புல்லும் கீரையும் என்றேன். ரோஸிக்கு என் மேல் அன்றிலிருந்து பகை. பொருக்கை எடுத்து உள்ளே இருக்கிற முளையைப் பிடுங்க வேண்டிய நாளில், என் பையைப் பார்த்ததும் ஒற்றைக் காலாலே ஓட்டம் பிடித்தது. நான் பின்னால் ஓடினேன். பங்களா வாசலில் என் சப்பாத்து ஒன்று கழன்றுவிட்டது, வெறுங்காலை ஊன்றினேன். "ஐயோ, அம்மா!" கொழும்பிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்று, வாசல் முழுக்கப் புதிதாக உடைத்த கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஊசி ஊசியாகக் கல். ரோஸி நாள் முழுவதும் உலாவியது இதன் மேல்தான்.

துரைசாணி அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். சோள மணி மாதிரி காய்ந்த சீழ் ஒன்று வெளியே வந்தது. பிடித்த துரைசாணியை விட்டுவிட்டு, ரோஸி என் காதைக் கடித்தது. அன்றைக்கே கல் பக்கம் போகாமல் வேலி அடைத்து, வைக்கோல் பரப்பி, நீந்தச் சுத்தமான தொட்டித் தண்ணீரும் வைத்தார்கள். மறுநாள் செல்லம்மாவின் காலுக்குக் கட்டுப் போடும்போது, காதில் காயம் ஏன் என்று கேட்டாள். பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து அவள் சொன்னாள்: "நாங்க ஏறுற மலையிலயும் அதே கல்லுதாங்கய்யா கெடக்கு, துரைகிட்ட அதையும் ஒரு வார்த்த சொல்லி வைங்க."

ஒற்றைக் காலில் நின்றது

நத்தாருக்கு முதல் நாள். புண் ஆறி, ரோஸி நன்றாக நடந்துகொண்டிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். துரையும் பார்க்க வேண்டுமே! புல்வெளிக்கு அவரை அழைத்துப் போனால், அந்தப் பாவி வலது காலை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறது. "இன்னும் நொண்டி" என்றார் துரை. "இல்லைங்க, ஓய்வா இருக்கிறப்ப அது அப்படித்தான் நிக்கும்" என்றேன். நம்பவில்லை. இத்தனை வருஷம், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நொண்டிக் காட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகிய மனுஷன், நொண்டாமல் ஒற்றைக் காலில் நிற்கிறதை எப்படி நம்புவார்? சமையல்கட்டு வாசலில் அந்தோனி தயாராக நின்றார். துரைசாணிக்கு உதடு துடித்தது. நடடி, ஒரு அடி நட, உனக்குக் கோடிப் புண்ணியம் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து, ஒளித்து வைத்த காலைக் கையால் வெளியே இழுத்தார். ரோஸி ஒரு சத்தம் போட்டது பாருங்கள்! இரண்டு காலையும் ஊன்றி, சிறகை விரித்து, காலுறைக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்த கெண்டைச் சதையைக் கவ்வியது. துரை உதறிவிட்டு ஓடினார். ரோஜாப் பாத்தியைச் சுற்றி அவர் முன்னால், ரோஸி பின்னால். துரைசாணி கை தட்டிக்கொண்டு ஆனந்தக் கண்ணீரோடு கூவினார்: "டாக்டர், பாருங்க! கொஞ்சமும் நொண்டல!"

இரண்டாவது கால்

அவர் சொன்னது வாத்தை. துரை நொண்டினார். வேலியைத் தாண்டி அந்தப் புதுக் கல்லில் போய் விழுந்து, கணுக்கால் சுளுக்கி, கெண்டையில் கடியோடு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். வாத்துக்குப் போட்ட அதே டிங்க்சரைத்தான் போட்டேன், வேறு என்ன இருக்கிறது? அவர் போட்ட சத்தம் தொழிற்சாலை வரைக்கும் கேட்டிருக்கும். ரோஸி இதைவிட மரியாதையாக நடந்துகொண்டது என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். துரைசாணி ரோஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தட்டைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் மேசைக்குக் கோழி போனது.

வெந்நீர் கொண்டு வரச் சொன்னேன். அந்தோனி பேசினோடு வந்து, துரைக்குக் கேட்கிற மாதிரியே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இது ரோஸி கால் கழுவுன பேசின். தொரைக்கு இதுவே போதுமா, பெரிசா ஒண்ணு பாக்கவா?"

நான் குணப்படுத்தி அனுப்பியவர்களில், எழுந்து நடந்த கையோடு இன்னொரு நோயாளியைப் பிடித்து எனக்கு அனுப்பி வைத்தது அந்த வாத்து ஒன்றுதான்.