டப்பாவில் இருந்த மாத்திரை

எங்கள் பனியன் கம்பெனியில் வலி மாத்திரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், அயர்ன் டேபிளுக்குப் பக்கத்து ஜன்னலில் இருக்கும். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். குன்னத்தூர் போகிற ரோட்டில் ஒரு ஷெட், பன்னிரண்டு மெஷின், இரண்டு அயர்ன் டேபிள். ஷெட்டை ஒட்டியே வீடு. நாள் முழுக்க நின்று அயர்ன் போடுகிறவருக்கு முழங்கால் போகும். குனிந்து தைக்கிறவளுக்கு இடுப்பு போகும். ஷிப்மென்ட் நேரத்தில் வலிக்கிறது என்று யாரும் உட்கார முடியாது. ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான்.

அந்த மாத்திரையைத்தான் என் நாய்க்குக் கொடுத்தேன்.

செவலை நிறத்தில் நாட்டு நாய். குட்டியாகக் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தான், எடுத்து வளர்த்தேன். பதினோரு வருடம். காலையில் ஆள் ஏற்றி வரும் வேன் திருப்பத்தில் ஹாரன் அடித்தால் வாசல் கேட்டுக்கு ஓடுவான். இறங்குகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவான்.

போன வருடம் அவன் ஓடுவது நின்றது. முதலில் மெதுவாக நடந்து போனான். பிறகு சிமெண்ட் தரையில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கினான். "கொழுப்பு ஏறிப்போச்சு, திங்கற சோத்துக்கு எந்திரிக்கக்கூட வலிக்குதாக்கும்" என்று திட்டினேன். வாசல் படி முன்னால் நின்று என் முகத்தைப் பார்ப்பான். முன்னங்கால் மூட்டை நக்கி நக்கி அங்கே முடியே இல்லை. இதையெல்லாம் பார்த்தேன். என் வேலையே செக்கிங். வெள்ளை பனியனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இது வலி என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

ஒருநாள் தையல்காரப் பெண் ஒருத்தி அவன் இடுப்பைத் தடவினாள். சீறிக் கவ்வ வந்தான். பல் படவில்லை. கட்டிங் டேபிளில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அவனை அடித்தேன். ஓடாமல் அங்கேயே நின்றான். திமிர் என்று இன்னும் இரண்டு போட்டேன். அவனால் ஓட முடியவில்லை என்று அப்போது தெரியவில்லை. அந்த அடிக்காக இன்றைக்கும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அயர்ன் போடுகிறவர் மதுரைப் பக்கத்துக்காரர். அவர்தான் சொன்னார்.

"அக்கா, அதுக்கு மூட்டு வலிதான்க்கா. என்னைய மாதிரியே எந்திரிக்குது பாருங்க. முன்னங்கால ஊனுது, பின்னாடி வரமாட்டேங்குது. நம்ம டப்பாவுலருந்து ஒண்ணப் போட்டு விடுங்க, நாங்க ரெண்டு பேருமாச் சேந்து ஷிப்மென்ட முடிச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிண்டலுக்குச் சொன்னார். நான் தயிர்சோற்றில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை ஹாரன் சத்தம் வந்ததும் எழுந்து வாசல் கேட் வரைக்கும் போய்விட்டான். வேனில் வந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. தினமும் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது.

கால்நடை டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது மனுசனுக்குக் குடுக்கறதுங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமில்லீங்க?"

"நாங்க எல்லாருமே இதத்தானுங்க போடறோம்."

"நீங்க தெனமும் போடறதே தப்புங்க." அட்டையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வயிறு புண்ணாயிருச்சு, கிட்னியும் கெட்டுருச்சுங்க. மூட்டுத் தேய்மானத்துக்கு நாய்க்குன்னே மாத்திரை இருக்குதுங்க. நொண்ட ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா நல்லா வெச்சிருந்திருக்கலாம். இப்ப அதையும் குடுக்க முடியாதுங்க. கிட்னி தாங்காது."

"வலிச்சாக் கத்தியிருக்குமில்லீங்க?"

"கத்தாதுங்க. படுத்துக்கும், நக்கும், தொட்டாக் கடிக்க வரும். அவ்வளவுதான் அதுக்குச் சொல்லத் தெரியும்."

அப்புறம் மருந்தில்லாமல் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தேன். டீயில் நனைத்துப் போட்ட வர்க்கி, மிச்சப் புரோட்டா எல்லாவற்றையும் நிறுத்தினேன். எடை குறைந்தால் மூட்டுக்குப் பாரம் குறையும் என்றார் டாக்டர். சிமெண்ட் தரையில் படுக்க விடவில்லை. கட்டிங் வேஸ்டை மெத்தையாகத் தைத்துப் போட்டேன். வீட்டு டைல்ஸில் அவன் கால் நான்கு பக்கமும் வழுக்கும். அவன் தண்ணீர் குடிக்கும் வட்டில் வரைக்கும் துணியை ஒட்டித் தைத்துப் பாதை விரித்தேன்.

"ஊடு பூரா துணியா கெடந்தா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வர்றவங்களுக்கு நாலு காலும் வலிக்குதாங்க? பேசாமப் போங்க."

ஓரம் சுருண்ட இடத்தில் அவரே ஒருநாள் டேப் ஒட்டினார்.

காலையில்தான் மூட்டு ரொம்ப இறுகியிருக்கும். அயர்ன்காரர் வந்ததும் முதல் வேலையாக ஒரு துணியைச் சூடாக்கி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவன் இடுப்பில் போடுவார். "எங்கிட்ட கோவிச்சுக்காதய்யா" என்பார் ஒவ்வொரு நாளும்.

அப்படியும் ஹாரன் கேட்டால் முன்னங்காலை ஊன்றுவான். பின்பக்கம் வராது. வால் மட்டும் துணியில் அடிக்கும். மூன்றாவது முறை முயன்று விழுந்ததைப் பார்த்த அன்று வேன் டிரைவரிடம் போய், இனி இந்தத் திருப்பத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது என்றேன். மறுநாளிலிருந்து வேன் சத்தமில்லாமல் வந்து நின்றது. வேனில் வந்தவர்கள் தாங்களே அவன் படுக்கைக்குப் போய்க் கையை நீட்டினார்கள். ஒவ்வொரு கையையும் மோந்து பார்த்தான்.

நான்கு மாதம் இருந்தான். மார்கழிக் குளிரில் ஒரு காலை, சூடான துணியை விரித்துப் போட்ட அயர்ன்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது துணியில் சூடு ஆறவில்லை.

டப்பா இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. இடுப்பு வலித்தால் நானும் அதைத் திறக்கிறேன். வேன் இன்னும் சத்தமில்லாமல்தான் வருகிறது. இனி ஹாரன் அடிக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.