பாதிப் படத்துக்கு விழுந்த கைதட்டல்

போன வாரம் கேளம்பாக்கம் முக்கில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள் கம்பத்தில் ஏறி ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சடித்து அப்போதுதான் கொண்டுவந்திருக்க வேண்டும், மண்ணெண்ணெயும் புது ரெக்சினும் கலந்த மாதிரி ஒரு வாடை. வளரும் இயக்குநர்களுக்கான பல்கலைக்கழகத் திரைப்பட விழா என்று போட்டிருந்தது. முக்கால் பேனருக்குச் சிறப்பு விருந்தினரின் முகம். வளரும் இயக்குநர்களின் பெயர்கள் கீழே, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில். உங்களுக்கு ஃப்ளெக்ஸ் வாடை என்றால் தேர்தலோ காதுகுத்தோ ஞாபகம் வரலாம். எனக்கு ஏழுமலையின் அப்பா ஞாபகம் வருகிறார்.

ஏழுமலையும் நானும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் விஸ்காம் படித்தோம். அவன் இயக்குநராக வர இருந்தவன். நான் தமிழ்நாடே திரும்பிப் பார்க்கப்போகிற எடிட்டர். இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில், தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதீர்கள் என்று ஊழியர்களுக்குப் புத்தி சொல்லும் வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாடு திரும்பவில்லை, என் மேனேஜர்கூட முழுசாகப் பார்ப்பதில்லை. அது கிடக்கட்டும்.

ஆண்டுதோறும் அந்த விழாவில் குறும்படங்கள் திரையிடுவார்கள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் படங்கள் வரும். பாதிப் படங்கள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில்தான் முடியும். காதலில் தோற்றவன் பீரங்கி மேல் கையை வைத்துக்கொண்டு கடல் இருக்கும் திசையைப் பார்ப்பான். கோட்டைக் காவலாளி வந்து விரட்டும்வரை பார்ப்பான். சிரிக்காதீர்கள், முதல் வருஷம் நாங்களும் அங்கேதான் எடுத்தோம். இன்னொரு வியாதியும் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. எங்களுக்குத் திரைக்கதை வகுப்பு எடுத்த வாத்தியார் ஒருவர், "கையை இறுக்க மூடி வச்சுக்கங்க. கடைசி ரெண்டு நிமிஷத்துலதான் தெறக்கணும்" என்பார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அப்பா அம்மாவுக்குப் போன் செய்தால்கூட விஷயத்தைக் கடைசியில்தான் சொல்வோம்.

ஏழுமலை கடைசி வருஷம் எடுத்த படம் அவன் வீட்டுக் கதை. அவனுக்கு வேடந்தாங்கலை ஒட்டின ஊர். ஏரிக்கு வரும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று அங்கே தீபாவளிக்கு வெடி வைக்க மாட்டார்கள். யாரும் மிரட்டித் தடுப்பதில்லை, அது ஊர் வழக்கம். சின்ன வயசில் ஏழுமலை செங்கல்பட்டிலிருந்த அத்தை வீட்டிலிருந்து ஒரு சரவெடியை டிராயருக்குள் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டான். கொளுத்தப்போகிற நேரத்தில் அவன் அப்பா கன்னியப்பன் பிடித்துவிட்டார். ஊர் பார்க்கக் கன்னத்தில் ஒரு அறை. வெடி கழனித் தண்ணீருக்குள் போனது. அன்று முழுக்க இவன் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிகாலையில் அவர் இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். மரம் முழுக்க நாரைகள். கரையில் உட்காரவைத்து, இவன் காதோரம் குனிந்து, வாயாலேயே வெடி வெடித்துக் காட்டியிருக்கிறார். ஊசிவெடி, சரவெடி, கன்னத்தை உப்பிக்கொண்டு அணுகுண்டு, எல்லாம் ரகசியம் பேசுகிற சத்தத்தில். ஒரு பறவைகூட எழும்பவில்லையாம்.

"அதுக்கப்புறம் அவரு அப்டி எங்கூட குந்தினதே இல்ல மச்சான்" என்றான் ஏழுமலை. "துன்னியா, மோட்டார் போட்டியான்னு கேப்பாரு. அத்தோட சரி. அன்னிக்கு அவரு பண்ணது எனக்கு எம்மாம் பெருசுன்னு அவருக்குத் தெரியாது. வாயால சொல்ல எனக்கும் வராது. படத்துல பாக்கட்டும்."

படம் அதற்காகத்தான். பரிசுக்காக இல்லை, அவர் ஒருவர் பார்ப்பதற்காக. ஆனால் நாங்கள் விஸ்காம்காரர்கள் இல்லையா, அப்பா விட்ட அறையை நட்டநடுவில் வைத்தோம். ஏரிக்கரையைக் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு ஒளித்துவைத்தோம்.

அப்பாவாக நடித்தது நான். தலையில் பாண்ட்ஸ் பவுடர், ஒட்டு மீசை, ஏழுமலையின் சித்தப்பா லுங்கி. வியர்வையில் மீசை நழுவி உதட்டுக்கு வந்துவிடும். அந்த வாய்வெடியை ஏழுமலைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "சத்தமே வரக்கூடாது மச்சான், ஆனா வெடிக்கணும்" என்பான். பறவைகளின் இரைச்சலில் என் குரல் சரியாகப் பதியவில்லை. விடுதி அறைக்கு வந்து, போர்வைக்குள் புகுந்துகொண்டு மறுபடி பதிவுசெய்தோம். எடிட்டில் அந்த இரண்டு நிமிஷத்தை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. பக்கத்து அறைக்காரன் வந்து எனக்கு ஆஸ்துமாவா என்று கேட்டான்.

விழா அன்று கன்னியப்பன் தன் குட்டியானை சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவர் சகலை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் சின்ன சீப்பு. அரங்கத்து ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். சிறப்பு விருந்தினர் மாமல்லபுரத்தில் படப்பிடிப்பிலிருந்து வந்துகொண்டே இருந்தார். காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தார். அவர் வருவதற்குள் இரண்டு படம் ஓட்டிவிடலாம் என்று எங்கள் படத்தைப் போட்டார்கள்.

திரையில் ஊர்ப் பெயர்ப்பலகை வந்ததும் கன்னியப்பன் சகலையை இடித்துக் காட்டினார். பையன் டிராயருக்குள் வெடியை ஒளிக்கிற இடத்தில் சத்தமாகவே சிரித்தார். அவருக்கு இரண்டு வரிசை தள்ளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலை என் தொடையைக் கிள்ளினான். பிறகு அந்த அறை வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது, சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார்.

எங்கள் ஊர்ப்பக்க விழாக்கள் உங்களுக்குத் தெரியாததா? பெரிய மனிதர் வந்துவிட்டால் எது ஓடினாலும் நிற்க வேண்டும். விளக்கைப் போட்டார்கள். அரங்கமே எழுந்து நின்றது. படத்தை அப்படியே நிறுத்தினார்கள். கன்னத்தில் பதிந்த கையும், கோணிப்போன குழந்தை முகமும், மேலே கோபத்தில் பல்லைக் கடித்த என் முகமுமாகத் திரை முழுக்க நின்றது. அதன் கீழே பொன்னாடைகள், பூங்கொத்து, குத்துவிளக்கு. விளக்கு அணைந்து அணைந்து போனதால் அதுவும் வெகுநேரம். கன்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா கன்னியப்பா, புள்ள உன்ன நல்லா காட்டிகீறான்" என்று சகலை சிரித்தார்.

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் திரும்பித் திரையைப் பார்த்தார். "என்ன ஒரு ஃப்ரேம்! இப்படித்தாங்க ஒரு படத்தை முடிக்கணும்!" என்றார். அவ்வளவுதான், அரங்கம் அதிரக் கைதட்டு. ஏழுமலை ஆபரேட்டர் அறைக்கு ஓடினான். அங்கிருந்த முதுகலை சீனியர், "முடிஞ்சிச்சுனு தட்டிட்டாங்க மச்சான், இப்ப போயி இன்னும் கீதுன்னு எப்டி போட்றது" என்று அடுத்த படத்தை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். கல்லூரி விழாக்களில் பாதியில் உறைந்து நின்றால் அது கலைப்படம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாங்கள் வெளியே ஓடிவந்தபோது கன்னியப்பன் வண்டியில் ஏறியிருந்தார்.

"நைனா, படம் முடியல. இன்னும் கீது. முக்கியமானதே இனிமேதான்."

"எல்லாரும் கை தட்டினாங்களே. இன்னும் இன்னா கீது?" சாவியைத் திருகினார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. "நான் அடிச்சது நெசந்தான்டா. நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லல."

வண்டி போய்விட்டது. சாயங்காலம் எங்கள் படத்துக்குத்தான் முதல் பரிசு. துணிச்சலான திறந்த முடிவுக்காக என்றார்கள். எங்கள் முடிவின் பொருள் என்னவென்று நடுவர் ஒருவர் எங்களுக்கே விளக்கினார். ஏழுமலை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பாத்திரக்கடையில் நிற்பவன் மாதிரி நின்றான்.

அப்புறம் வீட்டில் போட்டுக்காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். "அதான் பாத்துட்டனேப்பா" என்றார். வற்புறுத்தி உட்காரவைத்தோம். அறை வருகிற இடம் நெருங்கியதும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. வாத்தியார் பேச்சைக் கேட்காமல் ஏரிக்கரையில் தொடங்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? நான் என் கம்பெனி வீடியோக்களில் இப்போது முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு மேலாளராக இருக்கிறான். கன்னியப்பன் போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்கள் ஹார்டு டிஸ்க் அதற்கும் முன்னாலேயே செத்துவிட்டது. இணையத்தில் இருப்பது விழாவில் பதிவானது, அந்த அறையோடு முடிகிறது. கீழே யாரோ, செம எண்டிங் என்று எழுதியிருக்கிறார்கள்.

பேனரைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஏழுமலைக்குப் போன் செய்தேன். பேனர் கதையைச் சொன்னதும் சிரித்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். நைனா அன்னிக்கி வாயால வெடிச்சாரே, அது எப்டி இருந்திச்சுன்னு நெனச்சுப் பாக்கறேன், வர மாட்டுது. நீ பண்ணதுதான் காதுல வருது. அத்தினி தபா கேட்டோம்ல. அவருது போயிடிச்சுடா."

கன்னியப்பன் வெடித்து நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவன் சொல்லிக்கொடுத்தது.

"ஒரு தபா பண்ணு மச்சான். மெதுவா."

சுற்றிலும் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பி, போனைக் கையால் மூடிக்கொண்டு, சரவெடியை வெடித்தேன். கன்னத்தை உப்பி அணுகுண்டும் வெடித்தேன். ஏழுமலை சொன்னான்.

"இல்ல மச்சான். இது இல்ல. அவருது வேற மாதிரி வரும்."